பதினோரு மணிக்கு ஒரு ரிங்

ஐஸ் பெட்டியின் வயர் எட்டவில்லை. கூடத்தில் இருந்தவை இரண்டே பிளக். ஒன்று டிவிக்கு, இன்னொன்று தாயாரம்மாளின் செல்லுக்கு. பெட்டி கொண்டுவந்த ஆள் சுவரோரம் குந்தி, சார்ஜரைப் பிடுங்கி, செல்லைக் கழற்றி, பக்கத்தில் நிற்பது யாரென்றுகூடப் பார்க்காமல், "இத்த புடிங்க சார்" என்று நீட்டினான். பொன்னுரங்கம் வாங்கிக்கொண்டார். பெட்டி உறும ஆரம்பித்தது. உள்ளே அவர் பெண்டாட்டி தாயாரம்மாள், மஞ்சள் பூசிய முகத்தோடு, யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவள் போலப் படுத்திருந்தாள்.

காலை ஐந்தரைக்கு வாசல் தெளிக்க வாளித் தண்ணீரோடு போனவள். தண்ணீர் சிந்தாமல் வாளியைப் பதவிசாகக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாள். தெருமுனை டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஹார்ட் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்தின நாள் படுக்கப் போகும்போது, கொசுவத்தி வாங்கி வைக்கவில்லையே என்று அவளை ஒரு சத்தம் போட்டிருந்தார். அவள் பதில் சொல்லவில்லை. விடிந்தால் பதில் சொல்ல ஆளே இல்லை என்றால் மனசு அதை எப்படி வாங்கிக்கொள்ளும்? வந்தவர்கள் அவர் கையைப் பிடித்தார்கள், அவரும் பிடித்தார். மாலையைக் கொண்டுவந்து பெட்டி மேல் போட்டார்கள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. கையிலிருந்த செல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம. நாலரைக்கு ராகு காலம் வந்துடும். நாலுக்கெல்லாம் எடுத்துடணும்" என்று பங்காளி வைத்தீஸ்வரன் பந்தலுக்கடியில் நின்று எல்லோருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னார். "சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா சிவா?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சு பெரியப்பா" என்றான் சிவகுமார். பொன்னுரங்கத்தின் ஒரே மகன். அப்பாவின் மூக்கையும் அப்பாவின் கோபத்தையும் குறைவில்லாமல் வாங்கிக்கொண்டு பிறந்தவன். எல்லாருக்கும் என்பதை ஒரு அழுத்து அழுத்திச் சொன்னான். அந்த அழுத்தம் யாரைப் பற்றியதென்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

சிவகுமாருக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு, சுந்தரவல்லி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், செம்பாக்கத்து நெல் வயலெல்லாம் பிளாட் கல்லாக முளைக்கத் தொடங்கிய காலத்தில், பொன்னுரங்கமும் மனை விற்று மாடி எழுப்பினார். அந்த மாடிக்கு வயரிங் வேலை செய்ய வந்தவனோடு அவள் போய்விட்டாள். ஆள் நல்லவனா கெட்டவனா என்று யாரும் விசாரிக்கவில்லை. வேறு சாதி என்பதே போதுமானதாக இருந்தது. பொன்னுரங்கம் தலைமுழுகினார். வீட்டிலிருந்த அவள் போட்டோக்களையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டார். அதுவும் பற்றாமல், கூடத்தில் கற்பூரத்தை ஏற்றி வைத்து, "இனிமே அவகூட ஒரு வார்த்த பேசமாட்டேன்னு அணைச்சு சத்தியம் பண்ணு" என்று பெண்டாட்டியை நிற்க வைத்தார். தாயாரம்மாள் வலது உள்ளங்கையால் அணைத்தாள். கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷனோடு வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறு வழி என்ன இருந்தது?

செல் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். மருமகள் கீதா கேமரா வைத்த புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு, பழசை மாமியாருக்குக் கொடுத்தாள். தாயாரம்மாள் அதைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். பூக்காரிக்கு ஒரு ரிங் விட்டால் அன்றைக்கு இரண்டு முழம், இரண்டு ரிங் என்றால் நாலு முழம். கீதா வேலை முடிந்து தாம்பரத்தில் பஸ் ஏறியதும் ஒரு ரிங் விடுவாள், இவள் குக்கரை ஏற்றுவாள். மாவு மில்லுக்கும் ஒரு ரிங்தான், அரைத்தாயிற்று என்றால் அங்கிருந்து பதிலுக்கு ஒன்று வரும். யாரும் எடுக்க மாட்டார்கள், யாரும் பேச மாட்டார்கள், காசும் போகாது. ஊரில் பொம்பளைகள் எல்லாம் இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று தெரிந்தபோது பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பாக வந்தது.

"பேசறதுக்குத்தான்டி அவன் இத்த கண்டுபுடிச்சான். நீ கோயிலு மணியாட்டம் அடிச்சிக்கினு கீற" என்று கேலி செய்வார். அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவருக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் மாதிரி அவள் மணிக்கணக்காகக் காதில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை.

அன்றைக்குப் பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம் இருக்கும். சட்டைப் பைக்குள் ஏதோ நெளிந்து, கிணிகிணி என்றது. பொன்னுரங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எடுத்துப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது.

சிவகுமார் வந்து எட்டிப் பார்த்தான். "கேஸ்னு போட்டிருக்குப்பா. சிலிண்டருக்கு அம்மா எழுதி வெச்சிருப்பாங்க."

இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஒரு ரிங். நின்றது. பிறகு தொடர்ந்து இரண்டு தடவை. வைத்தீஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. "யாருப்பா அது?"

"கேஸ் ஏஜென்சி பெரியப்பா."

"ஞாயித்துக்கெழம அவனுக்கு இன்னா அவசரம்? எழவு வூட்ல வந்து சிலிண்டர் மாட்டப் போறானா?"

"குடுங்கப்பா, ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடறேன்" என்று சிவகுமார் கையை நீட்டினான்.

கொடுத்திருக்கலாம். பொன்னுரங்கத்துக்கு ஏனோ மனம் வரவில்லை. காலையிலிருந்து அவள் வளையலைக் கழற்றினார்கள், புடவையை மாற்றினார்கள், அவளுடைய ஒவ்வொன்றாகக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. இது ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. "இருக்கட்டும்டா" என்றார்.

அடுத்த ரிங் வந்தபோதுதான் கவனித்தார். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கீதா அழுவதை நிறுத்திவிட்டு அவர் சட்டைப் பையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிங் நின்றதும் எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். போகிறபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பொன்னுரங்கமும் எழுந்து பின்னாலேயே போனார்.

மோட்டார் ரூமை ஒட்டித் துவைக்கிற கல்லருகே அவள் நின்றிருந்தாள்.

"கேஸ்காரன் எதுக்கும்மா இத்தினி தபா அடிக்கிறான்?"

கீதா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அது கேஸ் இல்ல மாமா."

"சிவா படிச்சானே?"

"கேஸ்னு நான்தான் பேர் போட்டு வெச்சேன். நெஜப் பேரைப் போட்டா இவர் பார்த்துடுவாருன்னு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வல்லி அண்ணி, மாமா."

பொன்னுரங்கத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பெண்டாட்டி செத்துக் கிடக்கிற வீட்டின் கொல்லையில் நின்றுகொண்டு, அவருக்கு அவள் மேல் கோபம் வந்தது. "அப்போ பேசிக்கினு இருந்தாளா? கற்பூரத்த அணைச்சுட்டு, மூணு வருஷமா என் முதுகுக்குப் பின்னால பேசிக்கினு இருந்தாளா?"

"பேசலை மாமா." கீதா சட்டென்று நிமிர்ந்தாள். "ஒரு வார்த்தை பேசலை. என் கொழந்தைங்க மேல ஆணையா சொல்றேன். அத்தை பதினோரு மணிக்கு ஒரு ரிங் விடுவாங்க. உடனே கட் பண்ணிடுவாங்க. அங்கேருந்து ஒரு ரிங் வரும். அவ்ளோதான். ஒரு ரிங்னா நல்லா இருக்கேன். ரெண்டுன்னா ஒடம்பு சரியில்ல. மூணுன்னா ஏதோ நல்ல சேதி. டைலர் அருள்மேரி அக்கா அண்ணிகூட படிச்சவங்க இல்ல? அவங்கதான் நம்பர் வாங்கிக் குடுத்து, இந்த ஏற்பாட்டையும் ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சாங்க. அதுக்கப்புறம் அவங்களையும் வர வேணாம்னுட்டாங்க அத்தை. ஆள் விட்டுப் பேசினாலும் பேசினதுதானேன்னாங்க."

"நீ பேசியிருக்கலாமே."

"கேட்டேனே. உன் வாயால பேசினா அது என் வாய்தான்னு சொல்லிட்டாங்க. ரிங்ல வார்த்தை ஏது கீதா, அது வெறும் மணிதானேன்னாங்க."

பொன்னுரங்கம் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். தினமும் பதினோரு மணிக்கு அவள் இங்கேதான் வந்து நிற்பாள். மோர் கேட்டுக் கூடத்திலிருந்து அவர் கத்துவார், "தோ வரேன்" என்பாள், வரமாட்டாள். எட்டிப் பார்த்தால் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் மணி பார்க்கிறாள் என்று நினைத்திருந்தார். அதில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று ஒருநாள் மெச்சியும் இருக்கிறார். இப்போது அவள் சத்தியத்தை மீறினாளா, காப்பாற்றினாளா? தான் ஏமாந்தவனா, ஜெயித்தவனா? நூலின் நுனி எங்கே என்றே தெரியவில்லை. இத்தனை கெட்டிக்காரியோடுதான் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தோமா என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"மூணு எப்பவாவது வந்துச்சா?"

"ஒரே ஒரு தடவை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாசம். அன்னிக்குக்கூட பாயசம் வெச்சாங்களே."

நினைவிருந்தது. பண்டிகையும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. இன்னாடி விசேஷம் என்று கேட்டதற்கு, பால் மீந்துபோச்சு என்றாள். அவர் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். மூன்றாவது கேட்டு, சர்க்கரை ஏறிடும் என்று திட்டும் வாங்கினார்.

"எதுக்கு மூணு?"

"தெரியாது மாமா. கொழந்தை பொறந்திருக்கும்னு அத்தையா முடிவு பண்ணிக்கிட்டாங்க. வேலை கெடச்சிருந்தாலும் மூணுதானே. எப்படிக் கேக்கறது?" அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள். "இன்னிக்குப் பதினோரு மணிக்கு இங்கேருந்து ரிங் போகலை இல்ல. அதான் அடிச்சு அடிச்சுப் பாக்கறாங்க. அஞ்சு, ஆறு தடவைன்னா என்ன அர்த்தம்னு அவங்க பேசி வைக்கலை மாமா."

"காத்தாலேயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"இவருதான். அந்தப் பக்கம் ஒரு சொல்லு போச்சுன்னா நான் கொள்ளி வைக்கமாட்டேன்னாரு. உங்களைக் கேக்கலாம்னு மூணு தடவை கிட்ட வந்தேன். பயமா இருந்துச்சு."

தன்னைப் பார்த்து இந்தப் பெண்ணும் பயப்படுகிறாள் என்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்கக் கூசியது. செல் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை நிற்காமல் அடித்தது. சத்தம் கேட்டுச் சிவகுமார் கொல்லைக்கு வந்துவிட்டான்.

"இன்னும் அந்த கேஸா?" என்றவன், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். "யாருடி அது?"

கீதா அவரைப் பார்த்தாள்.

"வல்லி" என்றார் பொன்னுரங்கம். பன்னிரண்டு வருஷத்துக்கப்புறம் அந்தப் பெயரைச் சொன்ன நாக்கு அவருக்கே புதிதாக இருந்தது.

சிவகுமாருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அப்பா, அம்மா கை வெந்து கொப்புளம் வந்துச்சே, அப்ப நீங்க இன்னா சொன்னீங்க? நான்தான் பக்கத்துல நின்னேன். எனக்கு ஞாபகம் இருக்கு. அவ இந்த வாசப்படி மிதிச்சா நான் கொள்ளி வெக்கமாட்டேன்."

"வெக்காத. நான் வெச்சிக்கிறேன்."

அப்படிச் சொல்லப் போகிறோம் என்று அவரே நினைக்கவில்லை. ரிங் நின்றது. மூன்று பேரும் அந்தச் சின்னக் கறுப்புப் பொருளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி அடித்தது.

"எத்த அமுக்கணும்?"

"பச்சை, மாமா."

அமுக்கிக் காதில் வைத்தார்.

"அம்மா?"

செல்லைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அம்மா! எடுத்துட்டியா? நீயா எடுத்தே?" அந்தப் பக்கத்துக் குரல் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. "மணி பன்னெண்டாவுது, ஒரு ரிங்கக் காணோம், நான் செத்தே பூட்டேன்மா. அய்யோ, எடுத்துட்டியே! அப்பா சரின்னுட்டாரா? பேசிக்கோன்னு சொல்லிட்டாரா? பேசும்மா. ஒரே ஒரு வார்த்த பேசு, போதும்."

குரலுக்குப் பின்னால் ஒரு மழலை, "ஆரும்மா?" என்றது.

"ஆயாடி! உன் ஆயா போன எடுத்துட்டாங்கடி!"

குழந்தைதான். அந்த மூன்று ரிங்கும் குழந்தைக்குத்தான். பொன்னுரங்கம் இதைத் தாயாரம்மாளுக்குச் சொல்ல வேண்டுமே என்று கூடத்துப் பக்கம் திரும்பினார். கதவு வழியாக ஐஸ் பெட்டியின் ஒரு மூலையும் அதன் மேல் சரிந்திருந்த ரோஜா மாலையும் தெரிந்தன. திரும்பிய கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா? லைன்ல கீறியா?"

"நான்தான்" என்றார்.

குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாவா?"

"ம்."

"அம்மாக்கு இன்னாப்பா? அம்மா நல்லாத்தானே கீறாங்க?"

சொல்லிவிடத்தான் எடுத்தார். ஆனால் எடுத்துட்டியா என்ற அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு அவளுக்குக் கிடைத்தது அந்த அரை நிமிஷம்தான். அதையும் தன் வாயாலேயே பிடுங்க வேண்டுமா? வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசியே ஊரில் பேர் வாங்கிய பொன்னுரங்கம், "நல்லாத்தான் கீறா" என்றார். "நீ வா. கொழந்தையும் இட்னு வா. இப்பவே பொறப்படு."

"நெஜமாவாப்பா?"

"ம்."

"அம்மாகிட்ட ஒரு நிமிசம் குடுங்களேன்."

"அவ பேசமாட்டா."

"அந்த சத்தியமா? அதான் நீங்களே கூப்பிட்டீங்களே!" இப்போது அவள் சிரித்தது நன்றாகவே கேட்டது. "சரி, நேர்ல வந்து பேச வெக்கறேன் பாருங்க. தோ பொறப்பட்டேன். ராயபுரத்துலேர்ந்து பீச் ஸ்டேஷனுக்குப் போய் வண்டி புடிச்சா ரெண்டரைக்கெல்லாம் தாம்பரம். செம்பாக்கமே மாறிப்போச்சாமே, எனக்கு வழி தெரியுமாப்பா?"

"நீ கெழக்குப் பக்கம் எறங்கி நில்லு. நான் வரேன்."

எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் செல்லைக் கீதாவிடம் நீட்டினார். அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் வாங்கி கட் செய்தாள்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? அவங்க சிரிச்சிக்கிட்டே வருவாங்களே."

"தெரியலம்மா" என்றார் பொன்னுரங்கம். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் வாயைத் திறந்தார், வெளியே வந்தது வேறாக இருந்தது. தெருமுனை திரும்பும்போதே மேளச் சத்தம் கேட்கும், பந்தல் தெரியும், பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்தச் சிரிப்போடு அவள் அதற்குள் நுழையக் கூடாது. அதற்கு முன்னால் யாராவது சொல்லியாக வேண்டும்.

"நான் போறேன் மாமா. நான் சொல்லிக் கூட்டிட்டு வரேன்."

"பொய் சொன்னவன் நான்தானே" என்று அவர் எழுந்தார். கீதா செல்லைத் திரும்ப அவர் சட்டைப் பையில் போட்டாள்.

சிவகுமார் துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். "கொழந்த இருக்குதா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான். யாரும் பதில் சொல்வதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டு மணிக்கு அவர் பந்தலைத் தாண்டித் தெருவில் இறங்கியபோது வைத்தீஸ்வரன் ஓடிவந்து கையைப் பிடித்தார். "டேய், பொண்டாட்டிய பெட்டில வெச்சுட்டு எங்கடா கெளம்பிட்ட?"

"ஸ்டேஷனுக்கு."

"யார் வராங்க?"

"என் பொண்ணு."

மேளக்காரர்கள்கூட அந்த நேரம் பார்த்துத்தான் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தை தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வைத்தீஸ்வரன் கையை விட்டார். "நாலு மணிக்கு எடுத்துடணும்டா, பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் ஆறு பேரோடு ஏழாவதாக இடுக்கிக்கொண்டு போனார். பக்கத்தில் இருந்த பெண் அவர் தோளில் கிடந்த ஈரத் துண்டையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தார். உங்கம்மா காத்தால என்று ஆரம்பிப்பதா? இல்லை, வா, உக்காரு, தண்ணி குடி என்று ஆரம்பிப்பதா? நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன் என்பதா? மனைத் தகராறில் பஞ்சாயத்தையே வாயடைக்கப் பேசியவருக்கு நாலு வார்த்தை சேரவில்லை. பேசாமலே மூன்று வருஷம் பெண்ணோடு குடித்தனம் நடத்தியவள் தாயாரம்மாள். அவள் இருந்தால் இதையும் ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியிருப்பாள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. காலையிலிருந்து முதல் தடவையாக அழுதார். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினான்.

கிழக்குத் தாம்பரத்தில் நடைபாலத்துப் படிக்கட்டுக்குக் கீழே, கொய்யாப்பழக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஸ்டேஷன் கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து. நாலு மணிக்கு முன் வீடு திரும்ப வேண்டும். சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லியாக வேண்டும். அவள் அழுவதற்கும் இங்கே ஒரு மூலையைப் பார்த்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. சுற்றிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் ஜனம்.

முதல் வண்டி வந்தது. படிக்கட்டு நிறைய ஆட்கள் இறங்கினார்கள். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. எந்த முகத்தைத் தேடுவது? போனபோது இருபத்திரண்டு, இப்போது முப்பத்து நாலு. ரெட்டை ஜடையோடு இருந்த போட்டோவும் காலேஜ் கார்டுக்கு எடுத்த போட்டோவும் வெந்நீர் அடுப்பில் போயின. நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. இடதா, வலதா? தாயாரம்மாளைக் கேட்டால் சொல்லுவாள். அதற்குள் கூட்டம் கரைந்துவிட்டது. யாரும் நிற்கவில்லை.

இரண்டாவது வண்டியில் வந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். முன்பெல்லாம் கண்ணில் படாதது இப்போது பட்டது. வெறுங்கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே, செல்லைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு மீன்காரி யாரையோ விலை கேட்டாள். நர்ஸ் உடுப்பில் ஒருத்தி, எறங்கிட்டேன் எறங்கிட்டேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். ஒரு காலேஜ் பெண் ஒரு ரிங் விட்டு, கட் செய்து, பதிலுக்கு ஒரு ரிங் வந்ததும் முகம் மலர்ந்து வேகமாக நடந்தாள். அந்தப் பக்கம் யார், அந்த ஒரு ரிங்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் இதெல்லாம் தன்னைச் சுற்றியேவா நடந்துகொண்டிருந்தது? சட்டைப் பையில் கையை வைத்துப் பார்த்தார். செல் சும்மா இருந்தது. அதிலிருந்து அவளைக் கூப்பிட எதை அமுக்க வேண்டும் என்று கீதாவைக் கேட்டுக்கொள்ளாமல் வந்தது மடத்தனம்.

இரண்டு ஐம்பதுக்கு மூன்றாவது வண்டி. பாலத்தின் மேல் கூட்டம் தெரிந்தது, பிரிந்து படியில் இறங்கியது. ஆண்களெல்லாம் முன்னால் ஓடிவிட்டார்கள். பின்னால் மூன்று பெண்கள், மூன்று பேர் காதிலும் செல். மூன்று பேரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தி தோளில் பெரிய பை. ஒருத்தி பச்சைப் பட்டுப் புடவை கட்டி, இடுப்பில் குழந்தையும் கையில் மல்லிகைப்பூப் பொட்டலமுமாக இருந்தாள். கடைசியில் வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டும் ஒரு குழந்தை நடந்து வந்தது. யாருடைய நெற்றியும் சரியாகத் தெரியவில்லை. மூன்று பேரும் கீழே யாரையோ தேடிக்கொண்டேதான் வந்தார்கள்.

பொன்னுரங்கம் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் மறைத்துக்கொண்டு, மூன்று பேருக்கும் பொதுவாகக் கையைத் தூக்கினார்.

பட்டுப் புடவைக்காரி நின்றாள். செல்லைக் காதிலிருந்து எடுத்தாள். குழந்தையிடம் குனிந்து அவர் பக்கம் விரலைக் காட்டி ஏதோ சொன்னாள். பிறகு பொட்டலத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, இரண்டு இரண்டு படியாக இறங்கத் தொடங்கினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. தூக்கிய கையை இறக்குவதா, அப்படியே வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.